ஆட வேண்டிய பல் ஆடவில்லையா? ஆய்வகப் பல் மாதிரிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

நான்கு நாள் உழைத்து முதன்முதலாக நான் செய்து முடித்த மாதிரியில் கீழ்த்தாடை முன்பற்கள் ஆறு இருந்தன. ஆறும் ஆட வேண்டும். மருத்துவர் சோதிப்பதுபோலவே இரண்டு வாய்க்கண்ணாடிகளின் பிடிமுனைகளுக்கு நடுவே ஒவ்வொரு பல்லாகப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். ஐந்து பற்கள் கருங்கல்லில் பதித்ததுபோல நின்றன. ஆறாவது, கண்ணாடிப் பிடியோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ மாதிரிகள் செய்தாகிவிட்டது. அவற்றை ஆடும் பற்களைக் கம்பியால் கட்டிப் பழகும் மாணவர்களுக்காகவும், ஒரு கட்டுக்கும் இன்னொரு கட்டுக்கும் உள்ள விறைப்பை ஒப்பிடும் ஆய்வுகளுக்காகவும், ஆடும் பற்களின் மேல் அச்சு எடுத்துப் பார்ப்பதற்காகவும் செய்தேன். கோளாறுகள் மட்டும் அன்று முதல் இன்று வரை அதே பத்துப் பதினொன்றுதான். அவற்றை அறிகுறிவாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் மாதிரி எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளைத் தாண்டிவிடாதீர்கள்.

எந்த அமைப்பைப் பற்றிப் பேசுகிறோம்

உயிருள்ள வாயில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. பல் மருத்துவத்தில் இதை லிகமென்ட் என்பார்கள். பல்லின் இயல்பான சிறு அசைவுக்கு இடம் தருவது இதுதான். மாதிரியில் எலும்புக்குப் பதில் அக்ரிலிக்கும் நார்த்திசுவுக்குப் பதில் ரப்பர்போன்ற அச்சுப்பொருளும் வருகின்றன.

வழக்கமான செய்முறை இது. வேரின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து, பல்லை அக்ரிலிக்கில் பதிக்கிறோம். அக்ரிலிக் இறுகியதும் பல்லை உருவி, வெந்நீரில் மெழுகை நீக்குகிறோம். மெழுகு இருந்த இடம் வெற்றிடமாகிறது. அந்தக் குழியில் லைட் பாடி (இளகி ஓடும் வகை) சிலிகானையோ பாலிஈதர் என்ற இன்னொரு அச்சுப்பொருளையோ செலுத்திப் பல்லைத் திரும்பச் செருகுகிறோம். பிதுங்கி வரும் மிச்சத்தை வெட்டி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இதில் பலருக்கும் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. பல் எவ்வளவு ஆடும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ரப்பரின் தரம் அன்று. வேருக்கும் குழிக்கும் நடுவே உள்ள இடைவெளியும், வேரின் எவ்வளவு நீளம் குழிக்குள் இருக்கிறது என்பதும்தான். ஆட்டம் சரியில்லை என்றதும் நிறுவனத்தை மாற்றி விலை உயர்ந்த சிலிகான் வாங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இடைவெளி தப்பாக இருந்தால் எந்தச் சிலிகானும் காப்பாற்றாது.

கை வைப்பதற்கு முன் அளந்து எழுதுங்கள்

விரலால் அசைத்துப் பார்த்து 'கொஞ்சம் அதிகம், கொஞ்சம் கம்மி' என்று சொல்வதை வைத்துக்கொண்டு கோளாறு தேட முடியாது. பல்லைத் தட்டி அதன் ஆட்டத்தை எண்ணாகக் காட்டும் பெரியோடெஸ்ட் கருவி கைவசம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறையில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நகர்வையும் காட்டும் டயல் கேஜ் ஒன்று, ஒரு சிறு கப்பி, நூல், எடைக்கல் போதும். பல்லின் நாக்குப்பக்கத்தில் கேஜின் முனை தொடட்டும். நூலைப் பல்லின் கழுத்தில் கட்டி, கப்பி வழியாக உதட்டுப்பக்கம் இழுத்து எடையைத் தொங்கவிடுங்கள். முதலில் 100 கிராம், பிறகு 500 கிராம். கேஜின் முனையை வெட்டுமுனைக்கு அருகே எப்போதும் ஒரே புள்ளியில் வைக்க வேண்டும்.

இந்த எண்கள் தற்செயலானவை அல்ல. சூரிச்சில் முலமன் என்ற பல் ஆய்வாளர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாய்க்குள் பல் அசைவை அளந்தபோது, 100 கிராம் வரை பல் இலகுவாக நகர்வதையும் அதன்பின் எதிர்ப்பு கூடுவதையும் கண்டார். 500 கிராமில் ஆரோக்கியமான வெட்டுப்பல்லின் அசைவு 0.10 முதல் 0.12 மி.மீ. வரை இருந்தது. ஆடாத பல்லும் இவ்வளவு ஆடும் என்பதை நினைவில் வையுங்கள். சோதனை மாதிரியில் எல்லாப் பற்களும் நோயுற்றவையாக இருந்தாலும், ஒப்பிடுவதற்கு ஓர் ஆரோக்கியமான பல்லையாவது சேர்த்துச் செய்வது என் வழக்கம்.

ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு எண்களை எழுதிக்கொண்ட பிறகுதான் திருத்தம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்பது கடைசிவரை தெரியாது.

அறிகுறி: பல் அசையவே இல்லை

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள்; எளிதானதை முதலில் வைத்திருக்கிறேன்.

முதலில் பக்கத்துப் பல். பல் நூலை இரு பற்களுக்கும் நடுவே இறக்கிப் பாருங்கள். இறுக்கிப் பிடித்து டக்கென்று இறங்கினால், உங்கள் பல்லைப் பிடித்து நிறுத்தியிருப்பது அக்ரிலிக் அன்று, அண்டைப் பல். மெல்லிய உலோகத் தேய்ப்புப் பட்டையை இரண்டு முறை இழுத்தால் தீர்ந்துவிடும். அரைமணி நேரம் குழியைக் குடைந்துவிட்டுக் கடைசியில் இதைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்து, வேர் எங்காவது அக்ரிலிக்கை நேராகத் தொடுகிறதா? பல்லை மெதுவாக உருவிக் குழிக்குள் இருக்கும் சிலிகான் உறையைப் பாருங்கள். நிறமுள்ள சிலிகான் பயன்படுத்தியிருந்தால் இது கண்ணுக்கு நேரே தெரியும். வேர் அழுத்திய இடத்தில் சிலிகான் நசுங்கி, அடியில் உள்ள அக்ரிலிக் சன்னல்போலத் தெரியும். பற்செட்டு பொருத்தும்போது அழுத்தும் இடத்தைக் கண்டுபிடிக்கிற அதே உத்திதான். அந்த இடத்தைப் பேனாவால் குறித்து, சிலிகானை உரித்து எடுத்துவிட்டு, உருண்டை பர் (சுழலும் தேய்ப்பு முனை) கொண்டு குழியை மட்டும் தேயுங்கள். வேரைத் தேய்க்காதீர்கள். வேர் உங்கள் அளவுகோல். அதை மாற்றிவிட்டால் அடுத்த மாதிரியோடு இதை ஒப்பிட முடியாமல் போகும்.

சன்னல் பெரும்பாலும் எங்கே தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். குழியின் வாயருகே தெரிந்தால் மெழுகு உருகி இறங்கியிருக்கிறது. அக்ரிலிக் இறுகும்போது சூடாகும். மொத்தமாக ஊற்றினால் உள்ளங்கை தாங்காத அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டில் மெழுகு இளகி, கழுத்துப்பக்கம் மெலிந்து வேர்நுனிப்பக்கம் சேர்ந்துகொள்கிறது. அடுத்த தடவை அக்ரிலிக்கை இரண்டு தவணையாக ஊற்றி, மாவுப்பதம் கடந்ததும் குளிர்ந்த நீரில் வையுங்கள். சன்னல் நுனியில் மட்டும் தெரிந்தால், செருகும்போது பல்லை அடிவரை அழுத்திவிட்டீர்கள் என்று பொருள். அப்படிப்பட்ட பல் எந்தப் பக்கமும் சாயாமல் ஊன்றுகோல்போல நிற்கும்.

சன்னலே தெரியவில்லை, அண்டைப் பல்லும் தொடவில்லை, ஆனாலும் பல் அசையவில்லை என்றால்தான் ரப்பரைச் சந்தேகிக்க வேண்டும். புட்டி, ஹெவி பாடி போன்ற கெட்டியான வகைகளைப் போட்டிருந்தால் அவை மெல்லிய அடுக்கில் கட்டைபோல நடந்துகொள்ளும். லைட் பாடிக்கு மாறுங்கள்.

அறிகுறி: பல் கையோடு வந்துவிடுகிறது

சிலிகான் இயல்பாக எதிலும் ஒட்டாது. வாயில் அச்சு எடுக்க அதைப் பயன்படுத்துவதே அதனால்தான். நீங்கள் ஒட்டவைத்தால்தான் ஒட்டும். அச்சு எடுக்கும் டிரேயில் பூசும் ஒட்டுத்திரவத்தை வேரிலும் குழியிலும் மெல்லிய ஒரே பூச்சாகப் பூசி, கைக்கு ஒட்டாத பதம் வரும்வரை காயவிடுங்கள். குட்டையாகத் தேங்கிய பசை காயாது. அது ஒட்டுவதற்குப் பதில் வழுக்கும். சிலிகானுக்குரிய பசை வேறு, பாலிஈதருக்குரிய பசை வேறு. பசைக் குப்பியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துப் பூசுங்கள்.

பசை பூசியும் வருகிறதென்றால் மெழுகுப் படலம் மிஞ்சியிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தால் தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் பரவாமல் தாமரை இலையில் நிற்பதுபோல உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது. வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, சிறு தூரிகை ஆகியவை போதும். அவசரப்பட்டு அசிட்டோன் துடைக்காதீர்கள். அது அக்ரிலிக்கைத் தாக்கி நுண்விரிசல் விழச் செய்யும்.

உண்மையான பிடுங்கிய பல் என்றால் ஒரு சிக்கல் கூடுதல். தைமால் கரைசலிலோ தண்ணீரிலோ வைத்திருந்த பல்லை எடுத்த எடுப்பில் பூசினால் ஈரத்தின் மேல் பசை பிடிக்காது. வேரின் மேற்பரப்பை மட்டும் ஒற்றி உலர்த்த வேண்டும். மின்விசிறிக்கு அடியில் வைத்து முழுவதுமாகக் காயவிட்டால் பல் வெடித்துவிடும். நெகிழிப் பல்லுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் வேரில் ஓர் ஆழமற்ற பள்ளம் போட்டுக்கொண்டால் ரப்பர் பிடித்துக்கொள்ளும்.

அறிகுறி: நன்றாக ஆடுகிறது, ஆனால் நோயாளியின் பல்போல் ஆடவில்லை

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். அளவுகோலில் எண் சரியாக வரும்; ஆனால் ஈறுநோய்ப் பற்களை நாள்தோறும் தொடும் மருத்துவர் ஒருவர் வந்து விரல் வைத்ததும் 'இது வேறுமாதிரி இருக்கிறதே' என்பார். அவர் சொல்வது சரி.

ஆட்டத்தைக் கூட்ட நாம் செய்யும் சுலபமான காரியம் மெழுகைத் தடிப்பாக்குவது. 0.2 மி.மீ. இருந்ததை 0.6 ஆக்கினால் பல் நன்றாகவே ஆடும். ஆனால் அது மொத்தமாக, வேரும் சேர்ந்து மிதப்பதுபோல ஆடும். ஈறுநோயில் நடப்பது பெரும்பாலும் வேறு. எலும்பு மேலிருந்து கீழாகக் கரைந்துபோகிறது. வேரின் மேற்பகுதி பிடிமானம் இழந்து வெளியே நிற்கிறது. மிச்சமிருக்கும் அடிப்பகுதியைச் சுற்றிப் பல் நெம்புகோல்போலச் சாய்கிறது.

ஒரு சிறு கணக்கு. கீழ் நடு வெட்டுப்பல்லின் தலைப்பகுதி சுமார் 9 மி.மீ., வேர் சுமார் 12.5 மி.மீ. கழுத்திலிருந்து 2 மி.மீ. கீழே எலும்பு தொடங்குவதாக வைத்தால் 10.5 மி.மீ. குழிக்குள் இருக்கிறது, வெட்டுமுனை எலும்பு விளிம்பிலிருந்து 11 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. பதிந்த நீளத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டு ஆழத்தில், அதாவது 6.3 மி.மீ. கீழே, பல் சுழல்வதாகக் கொள்வோம். விளிம்பில் ரப்பர் 0.1 மி.மீ. நசுங்கினால் வெட்டுமுனை சுமார் 0.27 மி.மீ. நகரும்.

இப்போது மெழுகைத் தொடாமல் அக்ரிலிக் விளிம்பை மட்டும் 5 மி.மீ. குறைத்துவிடுங்கள். குழிக்குள் 5.5 மி.மீ. மிஞ்சுகிறது, சுழலும் புள்ளி விளிம்பிலிருந்து 3.3 மி.மீ. ஆழத்துக்கு வருகிறது, வெட்டுமுனையோ 16 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. அதே 0.1 மி.மீ. நசுங்கலுக்கு முனை சுமார் 0.58 மி.மீ. நகர்கிறது. ரப்பர் அதே ரப்பர், இடைவெளி அதே இடைவெளி. ஆனாலும் அசைவு இரண்டு மடங்குக்கு மேல். உண்மையில் அதைவிடவும் கூடும். நெம்புகோல் நீண்டுவிட்டதால் அதே விசை ரப்பரை இன்னும் அதிகமாக நசுக்கும்.

ஆகவே என் முடிவு இது: ஈறுநோய் ஆட்டம் வேண்டுமானால் எலும்பு உயரத்தைக் குறையுங்கள், அடிபட்டு நார்த்திசு கிழிந்த பல்லின் ஆட்டம் வேண்டுமானால் எலும்பை விட்டுவிட்டு இடைவெளியை மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரியைப் பயன்படுத்துவது வசதியாக இருக்கலாம். மாணவர் விரலுக்குத் தவறான பாடம் போகும். அக்ரிலிக் விளிம்பைக் குறைப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு நேரத்தில் அரை மில்லிமீட்டராகத் தேய்த்துத் தேய்த்து அளக்கலாம். மெழுகு தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் ஆடுகிறது

முன்னும் பின்னும் சாய்கிறது, பக்கவாட்டில் இல்லை. அல்லது உதட்டுப்பக்கம் போகிறது, நாக்குப்பக்கம் இடிக்கிறது. முதல் வகை ஓரளவு இயல்புதான். கீழ் வெட்டுப்பல்லின் வேர் பக்கவாட்டில் தட்டையானது. வட்டக் கம்புபோல எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி சாயாது. இரண்டாவது வகைதான் கோளாறு.

உருகிய மெழுகில் வேரை முக்கி எடுக்கும்போது கூர்மையான விளிம்புகளில் மெழுகு நிற்காது. தட்டையான பரப்பிலும் பள்ளத்திலும் சேரும். நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு இவான்சன் காலிப்பரால் நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். எனக்கு முக்குவது பிடிக்காது. வார்ப்பு வேலைக்கு விற்கும் மெல்லிய மெழுகுத் தாளில் 30 கேஜ் என்பது ஏறத்தாழ 0.25 மி.மீ. அதை வெட்டிச் சுற்றுகிறேன். விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது; ஏறினால் அந்தக் கோட்டில் தடிமன் இரட்டிப்பாகும்.

மெழுகு சரியாக இருந்தும் ஒரு பக்கம் இடித்தால், திரும்பச் செருகும்போது பல் நடுவில் உட்காரவில்லை. பல்லை முதன்முதலாக உருவுவதற்கு முன்பே, பற்களின் தலைகள் எல்லாவற்றின் மேலும் புட்டியால் ஒரு வழிகாட்டி உறை செய்துவையுங்கள். சிலிகான் செலுத்திய பிறகு பற்களை அந்த உறையோடு சேர்த்தே இறக்கினால் ஒவ்வொன்றும் தன் பழைய இடத்துக்குப் போய்ச் சேரும். கைப்பழக்கத்தை நம்பிச் செருகிய காலத்தில் எனக்கு ஆறில் குறைந்தது இரண்டு பற்கள் கோணலாகும்.

அறிகுறி: மேலும் கீழும் துள்ளுகிறது

பல்லை மேலிருந்து அழுத்தினால் அமுங்குவது, பல் ஆட்டத்தைத் தரம்பிரிக்க மருத்துவர்கள் பின்பற்றும் மில்லர் வரிசையில் மூன்றாம் நிலை. அதைத் திட்டமிட்டுச் செய்திருந்தால் வாழ்த்துகள். திட்டமிடாமல் வந்திருந்தால் குழியின் அடியில் காற்றுக் குமிழ் அடைபட்டிருக்கிறது. சிலிகானைக் குழியின் வாயில் வைத்து அழுத்தாமல், மெல்லிய முனையை அடிவரை இறக்கி, அடியிலிருந்து மேலாக நிரப்பிக்கொண்டே முனையை வெளியே எடுங்கள். குழியின் அடியில் ஊசிமுனை அளவு துளை ஒன்று போட்டுவைத்தால் காற்று அவ்வழியே போய்விடும்.

அந்தத் துளையை ஒரு நட்டும் திருகாணியும் வைக்குமளவு பெரிதாக்கிக்கொண்டால் வேறொரு பயனும் உண்டு. கீழிருந்து திருகாணியை முறுக்கினால் வேர்நுனியை ரப்பரோடு சேர்த்து அழுத்தும், ஆட்டம் குறையும். தளர்த்தினால் கூடும். ஒரே மாதிரியில் பல நிலைகளைக் காட்ட இது கைகொடுக்கும்.

அறிகுறி: சாய்ந்த பல் திரும்பி வரவில்லை

அமுங்கியது அமுங்கியபடி இருந்தால் உள்ளே இருப்பது ரப்பர் இல்லை, மெழுகு. பல் சீரமைப்புப் பயிற்சிக்கான மெழுகு மாதிரிகளில் பல் நகர்ந்து அங்கேயே நிற்பதுதான் நோக்கம். அந்த மாதிரியை இந்த வேலைக்குக் கொண்டுவராதீர்கள். ரப்பர்தான் என்றால், அது கிழிந்திருக்கிறது அல்லது இறுகவில்லை.

இதற்கு நேர்மாறாக, பல் ஸ்பிரிங்போலச் சட்டென்று குதித்துத் திரும்புவதும் உண்டு. உயிருள்ள நார்த்திசுவில் திரவம் இருக்கிறது, இழைகள் இருக்கின்றன. அது முதலில் இளகி, பிறகு இறுகி, விட்டதும் சற்றுத் தயங்கித் திரும்பும். ஒரே சீரான சிலிகான் அடுக்கு இந்த இரண்டு கட்ட நடத்தையை முழுதாகக் காட்டாது. 100 கிராம் எண்ணும் 500 கிராம் எண்ணும் நேர் விகிதத்தில் ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஏறினால் உங்கள் ரப்பரின் குணம் அது. கட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆய்வுக்கு இது பெரிய குறையன்று. வாயில் இப்படித்தான் நடக்கும் என்று அறிக்கையில் எழுதினால்தான் குறை.

அறிகுறி: மறுநாளும் சிலிகான் பிசுபிசுக்கிறது

அடிஷன் என்ற சிலிகான் வகை இறுகுவதற்கு அதில் உள்ள பிளாட்டினம் வினையூக்கி வேலை செய்ய வேண்டும். அதைக் கெடுக்க மூன்று பேர் ஆய்வகத்திலேயே காத்திருக்கிறார்கள்.

முதலாவது, ரப்பர் கையுறை. லேடெக்ஸில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வினையூக்கியை முடக்கிவிடும். புட்டியைக் கையால் பிசையும்போது மட்டுமன்று. கையுறைக் கையால் குழியைத் துடைத்திருந்தாலும் போதும். நைட்ரைலோ வினைலோ அணியுங்கள்.

இரண்டாவது, முழுதாக இறுகாத அக்ரிலிக். மேற்பரப்பில் மிஞ்சியிருக்கும் மானோமர் (வினைபுரியாத மூலத்திரவம்), சிலிகானின் தொடும் பரப்பை இறுகவிடாது. அறிகுறி தெளிவானது: நடுவில் நன்றாக இறுகியிருக்கும், குழிச் சுவரை ஒட்டிய படலம் மட்டும் தேன்போல இருக்கும். அக்ரிலிக்கை ஓர் இரவு விட்டு, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிறகு சிலிகான் செலுத்துங்கள்.

மூன்றாவது அண்மைக்காலத்து வரவு: முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் தாடைகளும் பற்களும். ஒளியில் இறுகும் ரெசினும் மேற்பரப்பில் இறுகாத படலத்தை வைத்திருக்கும். சிலிகான் அதன் மேல் பிடிவாதமாக இறுக மறுக்கும். ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, ஒளிப்பெட்டியில் முழு நேரமும் வைத்து, அதன் பிறகும் ஒரு மூலையில் சிறிது தடவிச் சோதித்துவிட்டுத்தான் ஆறு குழிகளிலும் செலுத்த வேண்டும். அவசரத்தில் சோதிக்காமல் ஒரே நாளில் பன்னிரண்டு குழிகளைப் பாழாக்கி, பல் குச்சியும் பஞ்சும் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அறிகுறி: நேற்றைய எண் இன்று வரவில்லை

மாதிரியை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதே முதல் கேள்வி. பாலிஈதர் தண்ணீரை உறிஞ்சி உப்பும். பிடுங்கிய பல் காயாமலிருக்க மாதிரியை நீரில் மூழ்கவைத்துப் பாலிஈதரையும் போட்டிருந்தால், இரண்டு நாளில் உங்கள் எண்கள் நகரத் தொடங்கும். கண்டென்சேஷன் என்ற இன்னொரு வகைச் சிலிகானுக்கு வேறு குணம்: இறுகும்போது ஆல்கஹால் வெளியேறுவதால் நாள்போகப் போகச் சுருங்கும். பல நாட்களுக்கு ஓடும் ஆய்வுக்கு அடிஷன் சிலிகானே மேல். அக்ரிலிக்கும் நீரை உறிஞ்சும். எனவே முதல் அளவீட்டுக்கு முன்பே அதைச் சில நாள் நீரில் ஊறப்போட்டு நிலைப்படுத்திவிட வேண்டும்.

வெப்பநிலை அடுத்தது. சென்னைக் கோடையில் குளிர்சாதனம் ஓடும் அறையில் காலையில் எடுத்த அளவையும், மின்சாரம் போன பிற்பகலில் எடுத்த அளவையும் ஒரே அட்டவணையில் போட முடியாது. இதே வெயிலில் சிலிகான் இறுகும் நேரமும் குறைந்துவிடும். மூன்றாவது பல்லைச் செருகும்போது நான்காவது குழியில் இருப்பது கெட்டியாகியிருக்கும். சிலிகான் கார்ட்ரிட்ஜைச் சற்று நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் பயன்படுத்தினால் போதிய அவகாசம் கிடைக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் எண் மெல்ல மெல்ல ஒரே திசையில் ஏறினால் ரப்பர் களைத்துவிட்டது. மாணவர்கள் ஆட்டி ஆட்டிப் பார்த்த மாதிரியில் இது நிச்சயம் வரும். ஒப்புப் பல்லின் எண் தொடக்கத்தில் இருந்ததைவிடத் தெளிவாக விலகிய நாளில் சிலிகானை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: பெரியோடெஸ்ட் எண்கள் தாவுகின்றன

ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஷுல்டே குழுவினர் உருவாக்கிய கருவி இது. சிறு கம்பி ஒன்று நான்கு விநாடியில் 16 தடவை பல்லைத் தட்டி, ஒவ்வொரு தட்டலிலும் எவ்வளவு நேரம் தொட்டிருந்தது என்பதிலிருந்து எண்ணைத் தருகிறது. அளவு -8 முதல் +50 வரை. 9 வரை உறுதியான பல்; 10 முதல் 19 முதல் நிலை; 20 முதல் 29 இரண்டாம் நிலை; 30-க்கு மேல் மூன்றாம் நிலை.

எண் தாவினால் பல்லைச் சந்தேகிக்கும் முன் கையைச் சந்தேகியுங்கள். கைப்பிடி கிடைமட்டமாக, பல் பரப்புக்குச் செங்குத்தாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தட்டும் புள்ளி வெட்டுமுனையை நோக்கிப் போகப்போக எண் கூடும். ஆகவே பல்லின் மேல் ஒரு புள்ளியை அழியாத மையால் குறித்துவிடுங்கள். கைப்பிடியை ஒரு தாங்கியில் பொருத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மறு பாதி மேசையில் இருக்கிறது. மாதிரியைச் சும்மா வைத்துத் தட்டினால் மாதிரியே சற்று நகர்ந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். பிடிகருவியில் இறுக்குங்கள். ஒரு பல்லில் மூன்று தடவை எடுத்தும் இரண்டு எண்ணுக்கு மேல் வேறுபட்டால் நான் அந்த அளவீட்டை எழுதுவதில்லை.

அறிகுறி: கம்பி கட்டியும் ஆட்டம் குறையவில்லை, அல்லது ஒரேயடியாக நின்றுவிட்டது

குறையாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒட்டு. பாஸ்பாரிக் அமிலம் உண்மையான பல்லின் எனாமலில்தான் நுண்துளைகள் உண்டாக்கும். நெகிழிப் பல்லில் அது வெறும் நீலச் சாயம். நெகிழிப் பரப்பைப் பர் கொண்டோ மணல் வீச்சாலோ சொரசொரப்பாக்கி, பாண்டிங் (பிணைப்புத்) திரவம் பூசிய பிறகு கம்பியை ஒட்டும் கம்போசிட் பசையை வையுங்கள். கம்பியைக் கிள்ளிப் பார்த்து, கம்போசிட் பொட்டுக்கடியில் கோடு தெரிகிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். தெரிந்தால் கட்டு ஏற்கெனவே விட்டுவிட்டது.

ஒரேயடியாக நின்றுவிட்டதென்றால் கம்பியைப் பாருங்கள். அடிபட்ட பற்களுக்கு 0.4 மி.மீ. வரையிலான, வளைந்துகொடுக்கும் கம்பியைத்தான் சர்வதேசப் பல் காயவியல் வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. பல்லுக்குச் சிறிது அசைவு மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். தடித்த கம்பி அதைக் கெடுக்கும். சரியான கம்பியே ஆனாலும் பல்வரிசைக்கேற்ப வளைக்காமல் அழுத்தி ஒட்டினால் அதுவும் கெடுக்கும். அழுத்தி ஒட்டிய கம்பி பல்லைத் தன் பக்கம் இழுத்து ரப்பரை ஒரு பக்கமாக நசுக்கி வைத்திருக்கும். கட்டுவதற்கு முன் பெரியோடெஸ்டில் 24 இருந்த பல் கட்டிய பின் 8 காட்டினால் சரி. -2 காட்டினால் பொட்டுகளை உடைத்துக் கம்பியைக் கழற்றி, மேசைமேல் வையுங்கள். ஒட்டாமலே பற்களின் மேல் தானாகப் படியும்வரை மறுபடி வளைத்துவிட்டு, முதல் பொட்டிலிருந்து தொடங்குங்கள்.